அழைப்பிதழில் புள்ளி எங்கே?

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வந்தது. தாராவியில் குடிசை இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் நண்பர் ஒருவருக்கு வீடு கிடைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர். அந்த மகிழ்ச்சி முழுவதையும் அட்டையிலேயே காட்டிவிட வேண்டும் என்று எண்ணினார் போலும். அரக்குச் சிவப்பில் அட்டை, தங்க நிறத்தில் எழுத்து, நான்கு மூலையிலும் மயில், நடுவே கோபுரம். எழுத்துகள் ஒவ்வொன்றும் கொடி விட்டுப் படர்ந்திருந்தன.

என் பேத்தி நான்காம் வகுப்பு படிக்கிறாள். படிப்பது ஆங்கிலப் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். புதிதாகப் படிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் படிக்க வேண்டும் என்ற ஆசை வருமல்லவா? அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "அ... ன... பு... டை... ய... ர..." சற்று நேரம் விழித்தாள். பிறகு அட்டையை மேசைமேல் போட்டுவிட்டு, "தாத்தா, எனக்குத் தமிழ் வரலை" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். குழந்தை சரியாகத்தான் படித்திருந்தாள். "அன்புடையீர்" என்ற சொல்லில் இரண்டு புள்ளிகளையும் காணோம். யகரத்தின் மேல் இருக்க வேண்டிய நெடில் சுழி, மேல்வரியின் கொடியோடு பின்னிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. "அனபுடையர" என்றுதான் அச்சாகியிருந்தது. நான் அறுபது ஆண்டுப் பழக்கத்தால் அதை "அன்புடையீர்" என்று படித்தேன். உண்மையில் நான் படிக்கவில்லை. ஊகித்தேன். குழந்தைக்கு ஊகிக்கத் தெரியாது. இருப்பதைத்தான் படிப்பாள்.

விழா நாளன்று இன்னொரு கூத்தும் நடந்தது. மாடி எண் 17. அந்த அலங்கார எழுத்தில் 7 என்ற எண்ணுக்கும் 1 என்ற எண்ணுக்கும் ஒரு வளைவுதான் வேறுபாடு. அம்பர்நாத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த பெரியவர் ஒருவர் பதினோராவது மாடியில் இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, தாம்பூலத் தட்டோடு நின்றிருக்கிறார். நண்பர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்று வாசகர்கள் கேட்கலாம். "யார் சார் இப்போது அழைப்பிதழைப் படிக்கிறார்கள்? இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வந்து சேருகிறார்கள். அட்டை பார்க்க அழகாக இருந்தால் போதாதா?" என்று ஒரு நண்பர் என்னிடமே கேட்டார். தமிழ்நாட்டில் இருப்பவர் இப்படிக் கேட்டால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். அங்கே குழந்தை தெருவில் இறங்கினால் பேருந்துப் பலகை தமிழில் இருக்கிறது. மளிகைக் கடை, மருந்துக் கடை, சுவரொட்டி எல்லாம் தமிழில் இருக்கின்றன. பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காததைத் தெருவே கற்றுக்கொடுத்துவிடும். மும்பையில் நம் குழந்தையின் கண்ணில் தமிழ் எழுத்து எங்கே படுகிறது? மாதுங்காவிலோ, தாராவியிலோ, செம்பூரிலோ, சயான் கோலிவாடாவிலோ சில தெருக்களில், கோயில் அறிவிப்புப் பலகையில், சங்கத்து நோட்டீசில், இறந்தவர் படத்தோடு ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில், கல்யாண அட்டையில். வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் அதில். அவ்வளவே. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காவது பாடநூல் இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த அட்டைகளும் பலகைகளும்தான் பாடநூல். அந்தப் பாடநூலை நாமே பிழையாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு, "நம் பிள்ளைகள் தமிழ் படிக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று ஆண்டு விழா மேடையில் வருந்துகிறோம்.

புள்ளி என்பது தமிழில் அலங்காரம் அன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் அடையாளம் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். எகர ஒகரக் குறில்களுக்கும் நெடில்களுக்கும் வேறுபாடு காட்டாமலும் எழுதினார்கள். பின்னால் ஏட்டைப் பார்த்துப் பதிப்பித்த அறிஞர்கள் ஒரு சொல்லை நிச்சயிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஓலைக்குக் கிழியும் என்ற காரணம் இருந்தது. இன்று கணினிக்கு என்ன காரணம்? எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கும். நாம்தான், பூ வேலைக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்ட எழுத்தைத் தேடிப் பிடித்து அதையே தேர்ந்தெடுக்கிறோம்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த அட்டையை அடித்த டி.டி.பி. கடைக்கே ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். கணினியின் முன் இருந்தவர் உத்தரப் பிரதேசத்து இளைஞர். நல்ல உழைப்பாளி, கைவேகம் அதிகம். ஆனால் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. வாடிக்கையாளர் கைப்பேசியில் அனுப்பும் வாசகத்தை அப்படியே எடுத்து, ஆயத்தமாக வைத்திருக்கும் ஒரு மாதிரியில் கொட்டுகிறார். எழுத்துருப் பட்டியலைத் திறந்து, "இதா, அதா?" என்று கேட்கிறார். வாடிக்கையாளர் எது பளபளப்பாக இருக்கிறதோ அதைக் காட்டுகிறார். வேலை முடிந்தது. புள்ளி போனது அவருக்குத் தெரிய வழியில்லை. அவர்மேல் குற்றம் சொல்வதில் நியாயமும் இல்லை. குஜராத்தி அட்டையை என்னிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

அந்த ஆயத்த மாதிரிகளில்தான் பாதிக் கோளாறு இருக்கிறது. கான்வா போன்ற தளங்களில் கிடைப்பதும், பவர்பாயிண்டில் வருவதும், கடைக்காரர்கள் குறுவட்டுக் காலத்திலிருந்து சேர்த்து வைத்திருப்பதும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைத்தவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் பெட்டி அடுக்கியது போல நிற்கும். வரிகளை நெருக்கி வைத்தாலும் ஒன்றையொன்று இடிக்காது. தமிழ் அப்படியல்ல. மேலே புள்ளியும் விசிறியும் கொக்கியும் எழும்பும். கீழே உகர ஊகார வால்கள் இறங்கும். மேல்வரியில் "மூ" வந்து, அதற்கு நேர் கீழே "கீ" வந்தால் இரண்டும் கைகலந்துவிடும். வரி இடைவெளியைக் கூட்டினால் தீர்ந்துபோகும் சங்கடம் இது. ஆனால் கூட்டினால் கோபுரப் படத்துக்கு இடமில்லை என்பார்கள்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அமைப்பது இன்னொரு நாகரிகம். ஆங்கிலத்தில் அது அழகுதான். தமிழில் அதையே செய்தால் "கொ" என்ற ஓரெழுத்து மூன்று துண்டாகச் சிதறுகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே ககரம் அநாதையாக நிற்கும். கொம்பு முன்னால் வர வேண்டியது பின்னால் வந்து நிற்கும் பலகைகளையும் பார்த்திருக்கிறோம். எழுத்தைச் சேர்த்துக் காட்டும் வசதியை இயக்காமல் சில வரைகலை மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் இந்த விபத்து நேருகிறது. போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் அடித்துவிட்டு, "தமிழ் ஃபான்ட் சரியில்லை" என்பார்கள்.

பழைய எழுத்துருக்களின் கதை வேறு. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கை பழகிய என் போன்ற குமாஸ்தாக்களுக்கு அவை வசதியாக இருந்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறக்கும்போது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இதற்கு மாற்றாக வந்த யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1999-இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும், "பாமினியில்தான் அழகான டிசைன் நிறைய இருக்கிறது" என்று கடைகள் அதை விடவில்லை.

எழுத்துக்கு அலங்காரமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நமக்கு அலங்காரம் புதிதல்ல. வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்பை ஓவியரே கையால் எழுதிய காலம் இருந்தது. பேய்க் கதை என்றால் எழுத்து சொட்டும், காதல் கதை என்றால் வளையும். சினிமாச் சுவரொட்டியில் எழுத்து இடிந்து விழுவது போல் இருக்கும். ஆனாலும் படிக்காமல் விட்டவர் உண்டா? எழுதியவருக்கு எழுத்தின் எலும்பு எது, சதை எது என்று தெரிந்திருந்தது. ககரத்தின் எந்தக் கோட்டை வளைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவர் கைக்குத் தெரியும். புள்ளியைப் பூவாக்குவார். நட்சத்திரமாக்குவார். இல்லாமல் ஆக்க மாட்டார். இங்கேயும் தாராவியில் கடைப் பலகை எழுதிய தமிழ்ப் பெயிண்டர்கள் இருந்தார்கள். பிளக்ஸ் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போனார்கள். அவர்களோடு அந்த எலும்பறிவும் போய்விட்டது.

வடிவத்தை மாற்றுவதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. தமிழ் எழுத்து மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானபோது இருந்த வடிவம் வேறு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. அதனால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தேவை வந்தது, மாற்றினார்கள். பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதற்கு முன் "லை", "னை" போன்றவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருந்தது. "ணா", "றா", "னா" மூன்றும் கால் வாங்காமல் தனி வடிவில் இருந்தன. என் வயதுக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். பேரப் பிள்ளைகளுக்குப் புதியதே தெரியும். "பழைய காலத்து அழகு வேண்டும்" என்று தும்பிக்கை எழுத்தில் கல்யாண அட்டை அடிக்கும் ஒரு மோகம் இப்போது கிளம்பியிருக்கிறது. பெரியவர்கள் பார்த்து மகிழலாம். மணமக்களின் தம்பி தங்கைகள் படிப்பார்களா என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது ஒன்று உண்டு. தமிழ் எழுத்தின் தலையில் இந்தி எழுத்தைப் போல ஒரு கோட்டை இழுத்துவிட்டு, "இந்தியன் ஸ்டைல்" என்று சொல்வது. வடிவ ஒற்றுமைக்காகச் செய்கிறார்களாம். தலைக்கோடு போட்டதும் புள்ளிகள் அத்தனையும் கோட்டுக்குள் மறைந்துவிடுகின்றன. இதற்கு மராத்தியிலேயே அட்டை அடித்துவிடலாமே!

ஒற்றுமை வேண்டுமென்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. அதுவும் இந்த மும்பையிலேயே இருக்கிறது. ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் குழு இந்நகரத்தைச் சேர்ந்தது. அவர்கள் செய்த முக்தா என்ற குடும்பத்தில் தேவநாகரிக்கு ஒன்று, குஜராத்திக்கு ஒன்று, தமிழுக்கு "முக்தா மலர்" என்று ஒன்று இருக்கிறது. கோட்டின் தடிப்பும் நிற்கும் தோரணையும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் தமிழ் தமிழாகவே இருக்கும். அதே குழுவின் பாலூ வரிசையில் தமிழுக்கு வந்தது "பாலூ தம்பி". உருண்டு திரண்ட, குறும்பான எழுத்து. பிறந்தநாள் அட்டைக்கும் தின்பண்டக் கடைக்கும் ஏற்றது. புள்ளி ஒன்றும் குறைவில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த "கட்டமரன்" என்ற எழுத்துருவில் மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் உள்ளன. கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கையெழுத்துச் சாயல் வேண்டுவோருக்கு இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் செய்த "கவிவனர்" இருக்கிறது. சாய்ந்து ஓடும், ஆனால் குழப்பாது. இவை யாவும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்டையில் அச்சடிக்கவும் கடைப் பலகையில் போடவும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைப் பலகை என்றதும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி கடைப் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்து 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அப்போது அவசர அவசரமாகப் பலகை மாற்றிய நம்மவர்களில் சிலர், மராத்தி வந்ததும் தமிழை அடியோடு எடுத்துவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மராத்தியைப் பெரிதாகப் போட்டு, கீழே தமிழைச் சற்றுச் சிறிதாக, ஒரே எழுத்துக் குடும்பத்தில் போட்டால் பலகையும் அழகாக இருக்கும், சட்டத்துக்கும் பொருந்தும். இட்லிக் கடைக்கும் தையற்கடைக்கும் அதுவே போதும். தமிழில் பெயர் இருப்பதைப் பார்த்து உள்ளே வரும் ஊர்க்காரர் இன்னும் இருக்கிறார்.

சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவிலும் இப்போது திரை கட்டி வரவு செலவைக் காட்டுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் நான் போன ஒரு கூட்டத்தில், பூ விழுந்த பின்னணியில் மஞ்சள் எழுத்தில் கணக்கு ஓடியது. பொருளாளர் வீட்டுக் கணினியில் ஒழுங்காக இருந்ததாம். மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வேறு எழுத்து வந்து உட்கார்ந்து, வரிகள் திரைக்கு வெளியே போய்விட்டன. "மண்டப வாடகை" தெரிந்தது. தொகை தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தொகையை வேண்டுமென்றே மறைத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துருவையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி பவர்பாயிண்டிலேயே உண்டு. அதுவும் வேண்டாம், பி.டி.எப். ஆக மாற்றிக் கொண்டுபோயிருந்தால் தீர்ந்தது. கணக்குக்கு எதற்குப் பூ? தலைப்பு ஒன்றுக்கு வேண்டுமானால் அலங்கார எழுத்தை வைத்துக்கொள்ளட்டும்.

அட்டைக்கும் இதையே சொல்வேன். மணமக்கள் பெயர், விழாவின் பெயர் இவற்றுக்கு ஆசைப்பட்ட அலங்காரத்தைச் செய்துகொள்ளலாம். நாள், நேரம், மாடி எண், அழைப்பவர் பெயர் இவை சாதாரண எழுத்தில் இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் கைப்பேசித் திரையில் பார்த்து "ஓகே" என்று அனுப்பாமல், ஒரு தாளில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, வாசகத்தை எழுதியவரே பிழை பார்க்கக் கூடாது. அவர் என்னைப் போல ஊகித்துப் படித்துவிடுவார்.

புதுமனை நண்பர் இந்த வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். போன வாரம் மாதிரி அச்சை எடுத்துக்கொண்டு வந்தார். மயில் இருக்கிறது. கோபுரம் இருக்கிறது. பெயர்கள் மட்டும் கொடி எழுத்தில், மற்றவை நிதானமான எழுத்தில். "அண்ணே, நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார். நான் பேத்தியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக வந்தாள். "அன்புடையீர்" என்பதைத் தடங்கலின்றிக் கடந்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் விரல் நின்றது. "தாத்தா, இவர் பேர் முருகனா, முருகனவா?" என்றாள். குனிந்து பார்த்தோம். "முருகனவர்களின்" என்று சேர்ந்து அச்சாகியிருந்தது. நண்பர் உடனே கடைக்குப் போன் போட்டார். முன்னூறு அட்டை அன்று மாலையே அச்சுக்குப் போக இருந்ததாம்.